சங்கு குத்தி மதுரையில் கிடந்தேன்

பாம்பு கடித்துப் பிழைத்தேன் என்றால் உட்கார வைத்துக் கேட்பார்கள். சங்கு குத்திப் பிழைத்தேன் என்றால் சிரிக்கிறார்கள். ஆரணியில் என் முகத்துக்கு நேராகச் சிரிக்காதவர்கள் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நான் சேவூரில் பட்டு நெய்கிறவள். வீட்டில் ஒரே தறி, ஒரே ஆள். கட்டிக்கொண்டவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. பிள்ளை கிடையாது. அடுத்த தெருவில் தம்பி ஏகாம்பரம் இருக்கிறான். வருடத்துக்கு ஒரு முறை டூரிஸ்ட் பஸ் பிடித்துத் தெரு ஜனங்களைக் கோயில் கோயிலாக அழைத்துப் போவதில் அவனுக்கு ஒரு பெருமை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம், ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று கிளம்பினான். அவன் பெண்டாட்டி மல்லிகாவும் வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது. அவள் நெய்த புடவையில் கரை கோணல் என்று ஒரு முறை முதலாளி வீட்டிலேயே சொல்லிவிட்டேன். கோணலாகத்தான் இருந்தது. அதிலிருந்து தேவைக்குத்தான் பேச்சு.

ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிய மறுநாள் காலை, பாம்பன் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தினான். அங்கே கடலில் அலையே இல்லை. தண்ணீர் உள்வாங்கி, செத்த பவளப்பாறைக் கற்கள் முழங்கால் ஆழத்தில் கிடந்தன. பெண்கள் இறங்கிக் கிளிஞ்சல் பொறுக்கினோம். நான் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில், மணலில் பாதி புதைந்து, இரண்டு சங்குகள். உள்ளங்கை நீளம். ஊதுகிற சங்கு மாதிரி இல்லை. தலை அகலம், கீழே போகப் போக ஒடுக்கம், வாய் நீளமான ஒரு கீறல். மேலே அழுக்கு மஞ்சளில் மெல்லிய தோல் ஒன்று போர்த்தியிருந்தது.

மல்லிகா பார்த்துவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு எனுக்குக் குடு. ஷோகேஸ்ல வெக்கலாம்."

"உன் ஷோகேஸ்ல எடம் ஏது? பொம்மையா ரொப்பி வெச்சிகீற."

"ரெண்ட வெச்சிகினு நீ மட்டும் இன்னா பண்ணப் போற? குடேன்."

கொடுத்தேன். அவள் கையில் எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது. ராமேஸ்வரம் போனால் கடல் தண்ணீரைத் தீர்த்தமாகப் பிடித்து வருவது எங்கள் தெருவில் எல்லோருக்கும் வழக்கம். வீட்டுக்கு வந்ததும் தூக்குக்குள் கையை விட்டு அள்ளி, தறி, அடுப்படி, பிள்ளைகள் தலை என்று தெளிப்பார்கள். சங்கை அந்தத் தண்ணீரிலேயே போட்டு மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

என் கையில் இருந்ததன் தோல் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. உள்ளே வெளிர் ரோஸ் உடல், அதில் காப்பிக் கலரில் வலைக்கோடு. நெய்கிறவள் கண்ணுக்கு அது போதும். கட்டை விரல் நகத்தால் சுரண்டினேன். சரிகையை எங்கள் ஊரில் அப்படித்தான் பார்ப்போம். சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல், வெள்ளை நூல் தெரிந்தால் போலி. கையில் மினுக்குகிற பொருள் எது வந்தாலும் நகம் தானாகப் போய்விடும். இரண்டு இழுப்பு சுரண்டியிருப்பேன். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் ஊசி ஏறியதுபோல் ஒரு குத்து. பெரிய வலி இல்லை. சங்கை வீசிவிட்டுக் கையை உதறினேன். "சங்கு குத்திச்சிடா" என்று தம்பியிடம் சொன்னேன். "சங்கு குத்துதாம், கிளிஞ்சல் கடிக்குதாம்" என்று அவன் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ் கிளம்புவதற்குள் உதடு மரத்துப்போனது. பாம்பனில் ரயிலுக்கு ஒரு பாலம், பஸ்ஸுக்கு ஒரு பாலம், எனக்கு நாலு பாலம் தெரிந்தது. பிறகு கண் இமை தூக்கவே வரவில்லை. யாரோ எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். அது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே இருந்த டாக்டர் நல்லவர்தான். ஆனால் அவர் பார்த்தது பாம்புக் கடியை. இமை தொங்குவது, நாக்கு குழறுவது, மூச்சு குறைவது எல்லாம் நாகப்பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் வருவதே. "சங்கு" என்றேன். நாக்கில் அது என்னவாக வந்ததோ. என் காலைப் புரட்டிப் புரட்டிப் பல் தடம் தேடினார். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சாய்த்தால் உறைந்திருக்க வேண்டும். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் விஷமாக இருக்கலாம். என்னுடையது நன்றாக உறைந்தது. இருந்தாலும் பாம்பு விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். குதிரைக்கு விஷத்தைப் பழக்கி அதன் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் தடித்து நடுக்கம் வந்தது. நடுங்குகிறேன் என்று சொல்லக்கூட வாய் இல்லை.

மூச்சு நின்றுகொண்டிருந்தது. வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாயைச் செருகி, அதில் ரப்பர் பை ஒன்றை மாட்டினார்கள். பையை அமுக்கினால் மூச்சு, விட்டால் இல்லை. மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தம்பி என் காதுக்குப் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, பஸ் நிக்குது. ஜனங்க பேஜார் பண்ணுது. அனுப்பி வுட்டுட்டு பின்னாடியே வரேன். நீ போ."

அவன் வரவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரை ஆம்புலன்ஸில் ஒரு ஆள் அந்தப் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். கை மாற்றி மாற்றி அமுக்கினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, என் இமை மூடியிருந்தது. "இருத்தா, வந்திரும் மதுர, இந்தா வந்திரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் சொந்தக்காரர்கள் திருச்செந்தூர் போய்க்கொண்டிருந்தார்கள்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் மாட்டினார்கள். ஒன்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். எனக்கு நினைவு ஒரு நிமிடம்கூடத் தப்பவில்லை. கண் திறக்காது, விரல் அசையாது, எச்சில் விழுங்க முடியாது. காது மட்டும் முழுசாகக் கேட்கும். பார்க்கிறவர்களுக்கு நான் பிணம். பிணத்துக்கு முன்னால் பேசுகிற மாதிரியே பேசினார்கள். "இது தேறுமா?" என்று ஒருத்தர் கேட்டார். பதில் சொன்னவர் வாயால் சொல்லவில்லை. தலையாட்டியிருப்பார் போலிருக்கிறது. எந்தப் பக்கம் ஆட்டினார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த கட்டிலில் ஒரு பெண் பூச்சி மருந்து குடித்துவிட்டுக் கிடந்தாள். அவள் தாய் அவளுக்குத் துணை இருந்தார். என் கடைவாயில் எச்சில் வழிந்தால் அந்தம்மாதான் துடைத்தார்.

"யாருமில்லாத பொம்பளயாம்ல, பாவந்தேன்" என்று யாரிடமோ சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. யாருமில்லாதவள் இல்லை, ஒரு பஸ் நிறைய ஆள் இருக்கிறது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தம்மா சொன்னதில் தப்பில்லை. இரவைப் பற்றி எழுத மாட்டேன். பகலே அப்படி இருந்தது.

மறுநாள் காலை கால் கட்டை விரல் கொஞ்சம் அசைந்தது. கையும் இமையும் நாக்கும் இன்னும் வரவில்லை. அன்றைக்கு டியூட்டிக்கு வந்தது ஒரு பெண் டாக்டர், குரலைக் கேட்டால் சின்ன வயது. அவர் மட்டும்தான் என்னோடு பேசினார், என்னைப் பற்றி இல்லை.

"அம்மா, உங்களுக்குக் காது கேக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்களக் கூட்டிட்டு வந்தவர்கிட்ட உங்க தம்பி சிரிச்சிக்கிட்டே சொன்னாராம், சங்கு குத்துச்சுன்னு. நெசமா? ஆமான்னா கால் விரல ஒரு தடவ அசைங்க. இல்லன்னா ரெண்டு தடவ."

ஒரு தடவை அசைத்தேன். அந்த ஒரு அசைவுக்கு அவ்வளவு பாடு.

டாக்டரம்மா கடல் ஆராய்ச்சி செய்கிற யாரையோ பிடித்து ஒரு புத்தகம் வாங்கி வந்திருந்தார். என் இடது இமையைத் தன் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். ஒற்றைக் கண்ணில் எல்லாம் மங்கல். பக்கம் முழுக்கச் சங்கு. ஒன்றில் கோபுரக் கரை மாதிரி முக்கோணம் முக்கோணமாக இருந்தது. இது இல்லை, இரண்டு அசைவு. ஒன்றில் கறுப்பில் வெள்ளைப் புள்ளி. இதுவும் இல்லை. பிறகு வெளிர் ரோஸ் உடலும் காப்பிக் கலர் வலைக்கோடும், நடுவில் தேசப்படம் மாதிரி திட்டுத் திட்டாகவும் ஒன்று வந்தது. மற்றவற்றைவிட ஓடு மெல்லிசு, வாய் அகலம்.

ஒரு அசைவு.

"நல்லாப் பாருங்க. இதுவா?"

ஒரு அசைவு.

அவர் அந்தப் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இது கூம்புச் சங்கு. உள்ளே இருப்பது மீன் தின்கிற நத்தை. நத்தையால் மீனைத் துரத்த முடியாது. அதனால் ஊசி மாதிரி ஒரு பல்லை நீட்டிக் குத்தும். பல்லின் உள்ளே துளை, அதன் வழியே விஷம் இறங்கும். நரம்பு சொல்வது தசைக்குப் போகாமல் அந்த விஷம் தடுத்துவிடும். மூச்சு விடுவதும் தசையின் வேலை என்பதால் மூச்சு நிற்கும். கூம்புச் சங்கில் பல ஜாதி உண்டு, ஆளையே கொல்கிறதில் இதுதான் முதல். மாற்று மருந்து கிடையாது. ஆனால் மெஷின் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் விஷம் தானாக இறங்கிவிடும்.

"விரல் அசைய ஆரம்பிச்சிருச்சு. பொழச்சிட்டீங்கம்மா" என்றார்.

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டு முடிக்கவில்லை. அவர் புத்தகத்தில் இருந்ததை நர்ஸுக்குச் சத்தமாகப் படித்துச் சொன்னார். பவளப்பாறைக் கல்லுக்கு அடியில் இருக்கும், பகலில் மணலில் புதைந்து கிடக்கும், இருட்டினால் வெளியே வந்து மேயும். "இங்க பாருங்க சிஸ்டர், கடல் தண்ணி கொஞ்சம் இருந்தாப் போதுமாம், வெளிய எடுத்தாலும் சட்டுனு சாகாதாம்."

தூக்கு.

மல்லிகா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். ஊருக்குப் போனதும் மூடியைத் திறந்து உள்ளே கையை விடுவாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தித் தலையில் தெளிப்பாள். மிச்சத்தை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பாள், அவர்களும் கையை விடுவார்கள். சேவூரில் இமை தொங்கினால் யாருக்குச் சங்கு ஞாபகம் வரும்? மதுரை வரை பை அமுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

விரலை அசைத்தேன். அசைத்துக்கொண்டே இருந்தேன்.

"என்னம்மா, வலிக்குதா?" இரண்டு அசைவு. "தாகமா?" இரண்டு அசைவு. "குளிருதா? மூச்சு முட்டுதா? பயமா இருக்கா?"

பயம்தான். ஒரு அசைவு.

"பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று என் காலைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் கேட்ட கேள்விகளில் தப்பில்லை. இன்னொன்று இருக்கிறதா என்று கேட்க அவருக்கு எப்படித் தோன்றும்? அவர் போன பிறகும் விரலை அசைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "பேசண்டுக்கு இழுப்பு மாதிரி வருது" என்று சொல்லிக் காலில் போர்வையைப் போர்த்திவிட்டார். அதற்கப்புறம் என் விரல் யாருக்கும் தெரியவில்லை. வாழ்க்கையில் தனியாக இருந்து பழகியவள் நான். தறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் நாட்கள் போயிருக்கின்றன. அந்தப் போர்வைக்குக் கீழே இருந்த தனிமை வேறு. மனிதர்கள் சுற்றி நிற்கிறார்கள், என்னிடம் ஒரு உயிரைக் காப்பாற்றுகிற சேதி இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மத்தியானத்துக்குள் முழங்கால் மடக்க வந்தது. இமையும் ஒரு கீற்று திறந்தது. அந்தக் கீற்று வழியாகத்தான் சாயங்காலம் வார்டுக்குள் வந்த சிவப்புப் புடவையைப் பார்த்தேன். மல்லிகா. தலை கலைந்து, ஒரு கையில் துணிப் பை, இன்னொரு கையில் தூக்கு.

"அக்கா" என்றாள். பெருங்குரல் எடுத்தாள். நர்ஸ் அதட்டியதும் தொண்டையைத் தணித்துக்கொண்டாள்.

"திருச்செந்தூர்ல எறங்கிட்டன்கா. உன் தம்பியாண்ட சண்ட. 'அக்கா அங்க இன்னா ஆச்சோ, நீ இங்க முருகனப் பாத்துகினு நிக்கிற'ன்னு கேட்டேன். 'டாக்டருங்க பாத்துப்பாங்க, நீ போயி இன்னா கிழிக்கப் போற'ன்றாரு. 'கரை கோணலா நெய்றவதான், ஆனா ஒரு வாய் தண்ணி ஊத்தத் தெரியும்'னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். இன்னாக்கா இது, வாயில கொழாயெல்லாம்..."

எனக்காக ஒருத்தி வந்திருந்தாள். அதை நினைக்க நேரம் இல்லை. அவள் தூக்கைக் கட்டிலின் கால்மாட்டில், என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"ராமேஸ்வரத் தீர்த்தம். ஊருக்குன்னு வெச்சிகினு இருந்தேன். உனுக்குத்தான் மொதல்ல."

வலது கையின் வளையலை மேலே ஏற்றிக்கொண்டாள். விரல்களைக் குவித்தாள்.

உதைத்தேன்.

இருந்த பலம் எல்லாவற்றையும் அந்தக் காலில் கொடுத்தேன். தூக்கு அவள் வயிற்றில் மோதிக் கீழே விழுந்து வார்டு முழுக்கச் சத்தம் போட்டது. தண்ணீர் அவள் புடவையெல்லாம். நர்ஸ் ஓடி வந்தார். அடுத்த கட்டில் அம்மா, "அடி ஆத்தே, தீர்த்தத்தப் போயி ஒதைக்கிறாளே" என்று வாயில் கை வைத்தார்.

மல்லிகா நனைந்த புடவையைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"அப்டியா? சாவக் கெடக்கும்போதும் உனுக்கு அந்தத் திமிரு போவுலியா? காத்தாலேர்ந்து நின்னுகினே வந்தன்டி உனுக்கோசரம்! என் கையால தண்ணி படக்கூடாதா?"

அழுதுகொண்டே குனிந்தாள். கட்டிலுக்கு ஓரமாகத் தரையில் சங்கு கிடந்தது. அதை எடுக்கத்தான் குனிந்தாள். நான் காலைக் கட்டில் கம்பியில் அடித்தேன். மறுபடி அடித்தேன். "அடி, அடி, நல்லா அடி" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!"

சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா வாசலிலேயே நின்று கத்தினார். ஓடி வந்து மல்லிகாவின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். காலையில் என் கண்ணுக்கு முன்னால் அத்தனை நேரம் பிடித்திருந்த படம் அவருக்கு மறக்குமா? எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். தரையில், சங்கின் ஒடுங்கிய பக்கத்திலிருந்து குழாய் மாதிரி சதை ஒன்று மெதுவாக வெளியே வந்து அங்கும் இங்கும் தேடியது. உயிரோடுதான் இருந்தது. நீளமான இடுக்கியால் அதன் அகன்ற பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வலைக்கோடு, திட்டு, அகல வாய், மெல்லிய ஓடு.

"இதேதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "காலையில இருந்து இதத்தான் சொல்லிட்டு இருந்தீங்களா?"

ஒரு அசைவு.

அவர் மல்லிகாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மல்லிகா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வழியெல்லாம் மூடியத் தெறந்து தெறந்து உள்ள இருக்குதான்னு பாத்துகினு வந்தேன்" என்றாள். "உள்ள கைய வுட்டு எடுத்துப் பாக்கலாம்னு ரெண்டு தபா நெனச்சேன். பஸ்ல கும்பலு, வுட்டுட்டேன்."

கடலில் உயிருள்ள கூம்புச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். காலியாக இருக்கிறது என்று நினைத்தும் எடுக்காதீர்கள். மடியில் கட்டாதீர்கள், பையில் போடாதீர்கள், சுரண்டாதீர்கள். இதைப் படித்தும் எடுத்தால் உங்கள் தலையெழுத்து. மெஷினைக் கழற்றியதும், கை மறுபடி தறி நாடா பிடித்ததும், தம்பி மாலையும் பிரசாதமுமாக வந்து நின்றதும் எல்லாம் பின்னால் நடந்தன. அவனிடம் நான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசப்போவதும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம், தரையைத் துடைத்துவிட்டு எல்லோரும் போன பிறகு, மல்லிகா ஈரப் புடவையோடு கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாக நீவிவிட்டாள்.

"ஆனா அக்கா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா ஒதை ஒதைக்கிற. உன் வூட்டுக்காரரு சீக்கிரம் போய்ச் சேர்ந்ததுல தப்பே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்டையில் குழாயை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது. நான் சிரித்தேன், மெஷின் கூக்குரல் போட்டது. நர்ஸ் விழுந்தடித்து ஓடி வந்து, மல்லிகாவைப் பார்த்து, பேசண்டைச் சிரிக்க வைத்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று திட்டினார்.